மூன்றாவது விளக்குக் கம்பம்

“நின்னுபோச்சுன்னு நான் சொல்லல. தடுக்குதுன்னு சொன்னேன்.”

“எங்க தடுக்குது? என் திரையில ஓடற கோட்டைப் பாரு. எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிட்டுப் போகுது.”

“கோட்டை நீங்க பாருங்க அண்ணா. நான் படகைப் பார்க்கறேன். மூணாவது விளக்குக் கம்பத்துக்கிட்ட வரும்போது ஒரு சின்ன தடுக்கல். வெள்ளையில மட்டும்.”

“கறுப்புல?”

“கறுப்புல இல்ல.”

கேட்டவர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்ன கதையை அவர் இந்நேரம் எடுத்துவிட்டிருப்பார். ஆனால் எதிரே நிற்பவள் ஆடத் தெரிந்தவள் என்பதுதான் அவருடைய சங்கடம்.

கணினிப் பாகங்களைச் சோதித்து எழுதும் மாத இதழ் ஒன்றின் சோதனை அறை அது. இரண்டாவது மாடி. கீழே ஒரு நகலெடுக்கும் கடை. நாள் முழுக்க அதன் இயந்திரம் இழுத்து இழுத்து மூச்சு விடுவது தரை வழியாகக் காலுக்குக் கேட்கும். நீண்ட மேசைமேல் மேல்மூடி இல்லாத இரண்டு கணினிகள், குடலைக் காட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. எல்லாப் பாகமும் இரண்டிலும் ஒன்றுதான், கிராஃபிக்ஸ் கார்டைத் தவிர. ஒன்றில் வெள்ளை முகப்புக் கார்டு, மற்றதில் கறுப்பு. ஒரே வாரத்தில் ஒரே விலைக்கு வந்தவை. இதில் எது மேல் என்பதுதான் இந்த மாத அட்டைப்படக் கட்டுரை. கடைசிப் பக்கம் ஐந்து மணிக்கு அச்சகத்துக்குப் போக வேண்டும். இப்போது மணி மூன்றே கால்.

எண்களைப் பார்த்துக்கொள்பவருக்கு அட்டவணை அண்ணன் என்று பெயர். வேறு பெயரும் உண்டுதான், ஆனால் அது சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்ந்துகொண்டிருந்தது. ஒரு கார்டு ஒரு நொடியில் எத்தனை படங்களை வரைந்து திரையில் தள்ளுகிறது என்று எண்ணி, அதைக் கோடாக இழுப்பது அவர் வேலை. அதே திரையை வெறும் கண்ணால் பார்ப்பது அவளுடைய வேலை. அவளைக் கழுகு என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எல்லோரும் மெச்சிய ஒரு கார்டை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “இது நொண்டுது” என்று சொல்லிவிட்டாள். சிரித்தார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தக் கார்டைச் செய்தவர்களே குறை இருப்பதாக ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவள் கழுகு. சோதனைக்கென்று ஒரு காட்சி வைத்திருந்தார்கள். மழை பெய்த ஆறு, அதில் ஒரு படகு, கரையோரம் விளக்குக் கம்பங்கள். நான்கு நிமிடம் ஓடும். அந்த ஆற்றை அவள் எத்தனையாயிரம் தடவை கடந்திருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. கனவில்கூட அந்தப் படகில்தான் எங்கேயாவது போவாள்.

அட்டவணை அண்ணன் நகர்ந்து இடம் விட்டார். இன்னொரு தடவை ஓட்டினார்கள். ஒன்று, இரண்டு என்று கம்பங்கள் ஈரத்தில் மின்னிக்கொண்டு வந்தன. மூன்றாவது கம்பத்துக்குப் பக்கத்தில், ஒரு கணத்தை யாரோ கிள்ளி எடுத்துக்கொண்டதுபோல், படகு துளி பின்தங்கி மறுபடி சேர்ந்துகொண்டது.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு அசையவில்லை.

அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். தாகமில்லை. திரும்பி வந்து, துடைத்த திரையையே மறுபடி துடைத்தாள். உட்கார முடியவில்லை. அவளை அலைக்கழித்தது கார்டு அல்ல. இரண்டு வாரமாக அவள் கண்ணில் எல்லாமே தடுக்கிக்கொண்டிருந்தது. பேருந்தின் கண்ணாடியைத் துடைக்கும் கம்பி நடுவில் ஒரு தடவை தயங்கியது. நகரும் படிக்கட்டில் ஒரு படி மற்றப் படிகளைவிட நேரங்கழித்து வந்தது. அவள் கணவன் தையற்காரன். வீட்டு முன்னறைதான் கடை. போன ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு சட்டையின் பக்கவாட்டை ஓட்டிக்கொண்டிருந்தபோது, எதிரில் உட்கார்ந்திருந்தவள், “ஊசி விட்டுவிட்டுக் குத்துது பாரு” என்றாள். அவன் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் துணியை எடுத்து அவள் மூக்குக்கு நேரே பிடித்தான். தையல் எறும்பு வரிசை மாதிரி ஒழுங்காக இருந்தது. ஒரு குத்துகூட விடுபடவில்லை.

“உன் கண்ணுல எண்ணெய விட்டுக் குளி. அங்க பார்த்துப் பார்த்து எனக்கும் மார்க் போட ஆரம்பிச்சுட்ட.”

அவன் கேலியாகத்தான் சொன்னான். மறுநாளே அவள் யாருக்கும் தெரியாமல் கண் மருத்துவரிடம் போனாள். மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, நெடுநேரம் உள்ளே எதையோ தேடினார். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், கண்ணுக்குப் பின்னால் நரம்பில் வீக்கமாகவும் இருக்கலாம், வியாழக்கிழமை வந்தால் முழுச் சோதனை செய்து சொல்கிறேன் என்றார். இன்று செவ்வாய்.

ஆகவே அவளுக்கு இன்று தெரிய வேண்டியது எந்தக் கார்டு மேல் என்பதல்ல. தடுக்கல் கார்டில் இருக்கிறதா, தன் கண்ணில் இருக்கிறதா. அது தெரியாமல் அந்த அறையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இதழின் ஆசிரியர் உள்ளே வந்தார். எல்லோருக்கும் அவர் மேடம். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதை ஊரெல்லாம் தேடுகிறவர். இரண்டு பக்க வழக்கையும் நின்றபடியே கேட்டார். எண் வெள்ளை என்கிறது. கழுகு கறுப்பு என்கிறது. வாசகனிடம் இரண்டையும் சொல்ல முடியாது. மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு சாவி வைத்திருக்கிற வீடு மாதிரி ஆகிவிடும் என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். இரண்டு கணினிகளையும் மூடி வைப்போம். எது ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியக் கூடாது. ஆறு சுற்று. மேடமே காசு சுண்டிப் பார்த்து, திரைக்குப் போகிற கம்பியை மாற்றி மாற்றிச் செருகுவார். தடுக்கியதா இல்லையா என்று மட்டும் அவள் சொன்னால் போதும்.

“சரியா?” என்று கேட்டார் மேடம்.

சரி என்பதைத் தவிர அவளால் என்ன சொல்ல முடியும்?

மூடுவதற்குத் துணி தேடினார்கள். சன்னலில் ஒரு கறுப்புத் திரைச்சீலை தொங்கியது. வெயில் கூசாமலிருக்க அவள் கணவன் இரட்டைத் துணி வைத்துக் கெட்டியாகத் தைத்துக் கொடுத்தது. ஊசிமுனை வெளிச்சம் நுழையாது என்று பெருமையாகச் சொல்லி அனுப்பியிருந்தான். அதைக் கழற்றி, மேசையில் கிடந்த இரண்டு கணினிகளையும் சேர்த்துப் போர்த்தினார்கள். குளிருக்குப் பிள்ளைகளைப் போர்த்துவதுபோல் அட்டவணை அண்ணன் ஓரங்களையெல்லாம் செருகிவிட்டார். அவர் எதிலும் ஒழுங்கு.

இரண்டு கணினியிலும் படகு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. எது திரைக்கு வருகிறது என்பதை மட்டும் காசு தீர்மானித்தது.

முதல் சுற்று. மூன்றாவது கம்பம். தடுக்கியது. சொன்னாள். இரண்டாவது சுற்றில் படகு பட்டுமாதிரி போனது. இல்லை என்றாள். மூன்றாவதில் தடுக்கியது. மேடம் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார். அட்டவணை அண்ணன் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கோடுகளைப் பார்த்தபடி இருந்தார். நான்காவது சுற்றில் மூன்றாவது கம்பத்தில் மட்டுமல்ல, ஐந்தாவதிலும் ஏழாவதிலும் தடுக்கியது. சன்னலிலிருந்து அடித்த வெயில் அவள் பிடரியைச் சுட்டது. தடுக்கியது என்றாள். ஐந்தாவதிலும் அப்படியே. ஆறாவதில் படகு கரை சேருவதற்குள் அவள் உள்ளங்கை வேர்த்துவிட்டது. தடுக்கியது.

மேடம் தாளை மேசையில் வைத்தார். வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, கறுப்பு, வெள்ளை.

முதல் மூன்றும் சரி. ஆறாவதும் சரி. நான்காவதும் ஐந்தாவதும் கறுப்பு. தடுக்காது என்று அவளே சத்தியம் செய்த கறுப்பு.

“ஆறுக்கு நாலு,” என்றார் அட்டவணை அண்ணன், தாழ்ந்த குரலில். “கண்ணை மூடிக்கிட்டுக் காசு சுண்டினாலே மூணு வரும்மா.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. மேடமும் இதமாகத்தான் பேசினார். ஒன்பது வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தால் எந்தக் கண்ணும் களைத்துப்போகும். ஒரு மாதம் விட்டுவிடு. படக்குறிப்பு எழுது, வாசகர் கடிதத்துக்குப் பதில் எழுது. வெள்ளைதான் மேல் என்று அட்டவணைப்படியே போடுவோம். சொல்லிவிட்டு அவள் தோளைத் தொட்டார். நோயாளியைத் தொடுகிற தொடல்.

அவள் தலையை ஆட்டினாள். வியாழக்கிழமை வரை காத்திருக்கத் தேவையில்லை, இங்கேயே தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். நினைத்தவுடன் ஒரு விசித்திரமான சந்தேகம் வந்தது. இனி வீட்டில் யாராவது நடந்து வந்தால் அவர்கள் நடக்கிறார்களா தடுக்குகிறார்களா என்று எப்படித் தெரியும்? மகள் இருந்தாள், ஆறு வயது. அவள் ஓடி வருவதை இதுவரை முழுசாகப் பார்த்தோமா?

இப்படி நின்றுகொண்டிருந்தால் அழுதுவிடுவோம் என்று தோன்றியதால், கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று திரைச்சீலையைச் சன்னலில் மாட்டப் போனாள். போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

துணி கொதித்தது. இஸ்திரி போட்டுக் கையோடு எடுத்துக் கொடுத்த சட்டைமாதிரி இருந்தது. உள்ளே இரண்டு கார்டுகளின் விசிறிகளும் ஊளையிட்டுக்கொண்டிருந்தன. கீழே நகலெடுக்கும் இயந்திரத்தின் சத்தத்தில் அதை யாரும் பிரித்துக் கேட்கவில்லை.

“அண்ணா, இங்க வந்து கை வைங்க.”

அவர் வந்து வைத்தார். முகம் மாறியது. போன வருடம் அவர்தான் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார். கணினியை அலமாரிக்குள் அடைக்காதீர்கள், மேலே துணி போடாதீர்கள், அதற்கும் மூச்சு உண்டு என்று. அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்ததும் அவர்தான். அது இப்போது அவர் தலைக்கு மேலேயே இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவர் கொஞ்சம் சிரமப்பட்டார்.

“நாமளே கொழுக்கட்டையாட்டம் மூடி வச்சு அவிச்சிருக்கோம்,” என்றார் மேடம். அவருக்குச் சிரிப்பு வந்தது. மற்ற இருவருக்கும் வரவில்லை.

சூடேறினால் எந்தக் கார்டும் தடுக்கும். அப்படியானால் நான்காவது, ஐந்தாவது சுற்றில் கறுப்பு தடுக்கியது உண்மையாகவே இருக்கலாம். அவள் கண் பிசகவில்லை என்றும் ஆகலாம். மேடம் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் ஆகலாம் என்பதை அட்டைப்படத்தில் போட முடியாது. ஆறவைத்து மறுபடி ஆறு சுற்று ஓட்டப் பொழுதும் இல்லை. மணி நாலே கால். அவர் அச்சகத்தோடு பேசிக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பதாகவும், அரைமணிக்குள் ஏதாவது உருப்படியாகச் சொன்னால் உண்டு, இல்லையென்றால் வெள்ளைதான் என்றும் சொல்லிவிட்டு, தலைமேல் இருந்த கண்ணாடியைத் தேடிக்கொண்டே வெளியே போனார்.

இருவரும் மட்டும். போர்வையை உருவிக் கீழே போட்டாள். வெப்பம் முகத்தில் அடித்தது. அட்டவணை அண்ணன் தன் திரைக்குப் போய் உட்கார்ந்தார். நான்காவது சுற்றின் கோட்டைப் பெரிதாக்கினார். அவளும் போய்ப் பின்னால் நின்றாள்.

கோடு மெல்லக் கீழே சரிந்திருந்தது. வேகம் குறைந்ததைக் காட்டியது. ஆனால் ஒரு கீறல் இல்லை, ஒரு பல் இல்லை. குழந்தை சறுக்கிவிளையாடும் பலகை மாதிரி வழுவழுவென்று இறங்கியது.

அவள் சுவரைப் பார்த்தாள். ஒட்டியிருந்த தாளிலிருந்து மெல்லிய குரலில் படித்தாள். “சூடேறிய கார்டு சீராக மெதுவாவதில்லை. ஓடும், மூச்சு வாங்கும், மறுபடி ஓடும்.” நிறுத்தினாள். “நீங்க எழுதினதுதானே அண்ணா? இதுல மூச்சு வாங்கினது எங்க?”

அவர் கோட்டை இன்னும் பெரிதாக்கினார்.

அந்தக் கோடு எப்படி வந்தது என்று அந்த அறையில் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் ஏழு வருடமாக யாரும் யோசிக்கவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு படமும் வர எவ்வளவு நேரமானது என்பதைப் புள்ளி புள்ளியாக அப்படியே போடுவார்கள். ரம்பப் பல் மாதிரி இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை என்று வாசகர்கள் கடிதம் போட்டார்கள். அட்டவணை அண்ணன்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு நொடியில் வந்த எல்லாப் படங்களையும் ஒரே கட்டாகக் கட்டி, கட்டுக்கு ஒரு புள்ளி. கோடு அழகாகிவிட்டது. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. மேடம் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசாகக் கொடுத்தார். அதுதான் இப்போது நாலு இருபது காட்டியது.

நூறு பேர் வரிசையில் வருகிறார்கள். ஒருவன் தடுக்கி விழுகிறான். அவன் எழுந்து ஓடிவந்து சேர்ந்துகொள்கிறான். கடைசியில் எண்ணினால் நூறு பேரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். கணக்கில் யாரும் விழவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டியதில்லை. சோற்றை அள்ளி அள்ளிக் கொட்டினால் அதுவே மறைந்துவிடும்.

“கட்டாத கணக்கு இருக்குல்ல?” என்று கேட்டாள்.

இருந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும், ஒவ்வொரு படத்துக்கும், வந்த நேரம் வரிவரியாக ஒரு கோப்புறையில் தானாகவே போய் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘பச்சை’, வேகவைக்காத கணக்கு என்ற பொருளில். ஏழு வருடத்துப் பச்சை. திறந்ததே இல்லை.

அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். அதைத் திறந்தால் இன்றோடு போகாது என்றார். இந்தக் கம்பத்தில் தடுக்கியது அதில் இருந்தால், போன மாதம், அதற்கு முந்தின மாதம் என்று எல்லாவற்றையும் திறக்க வேண்டும். எழுபது எண்பது கட்டுரை. எத்தனை பேர் அதை நம்பி வாங்கியிருப்பார்கள்? பேசிக்கொண்டே பேனாவைக் காதிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி போட்டார். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்கிறவர்போல், அவளைப் பார்க்காமல் கேட்டார்.

“இல்லன்னா? திறந்து பார்த்து, அங்கயும் ஒண்ணும் இல்லன்னா?”

அவளுக்குத் தெரியும். அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால் வியாழக்கிழமை மருத்துவர் சொல்லப்போவதை இப்போதே சொன்னதுமாதிரி.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் நினைவுக்கு வந்தது. கணவன் துணியை மூக்குக்கு நேரே பிடித்தான். தையல் ஒழுங்காக இருந்தது. ஆனால் அவன் காட்டியது மேல்பக்கம். திருப்பிக் காட்டு என்று அவள் கேட்கவில்லை. தையற்காரன் பெண்டாட்டிக்கு அது தெரியாதா? ஊசி தயங்கினால் நூல் அடிப்பக்கம்தான் தளரும். மேலே எறும்பு வரிசை, கீழே நூல் சுருண்டு கிடக்கும். அந்தச் சட்டை இன்னும் கொடியில்தான் தொங்குகிறது. இந்த இரண்டு நாளில் அதைக் கடந்து எத்தனை தடவை போயிருக்கிறாள். ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அவன் பார்த்திருக்கலாம். அவளுக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

மவுஸை நோக்கிப் போன அட்டவணை அண்ணனின் கை நடுவில் ஒரு தடவை தடுக்கியது. அல்லது அவளுக்கு அப்படித் தெரிந்தது. இரண்டில் எது என்று அவளால் சொல்ல முடியவில்லை. நடையில் மேடத்தின் செருப்புச் சத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது. கீழே நகலெடுக்கும் இயந்திரம் இழுத்து இழுத்து மூச்சு விட்டது. விசிறிகள் ஒவ்வொன்றாகத் தணிந்தன.

அவள் திரைக்கு முதுகைக் காட்டி, வெறும் சன்னலைப் பார்த்து நின்றுகொண்டாள். கண்களை மூடினாள்.

“திறங்க அண்ணா. வெள்ளை, முதல் சுற்று, மூணாவது கம்பம். நான் பார்க்கல. என்ன இருந்தாலும் நீங்களே பார்த்து, வாய் திறந்து எனக்குச் சொல்லுங்க.”